மைக்செட்டும் ஊரார் பாஸ்வேர்டும்

மும்பையில் ரகசியம் என்று ஒன்று இருந்ததென்றால், அது மைக்செட் கம்ப்யூட்டர் வேலைக்கு இறங்குவதற்கு முன்னால்தான். அவர் இறங்கிய பிறகு தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் எந்தக் கடையின் பாஸ்வேர்டும் அந்தக் கடைக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் விசிட்டிங் கார்டில்கூட அதை அச்சடித்தோம். ஒருவரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், அடர்ந்த மீசை, அதற்குக் கீழே அந்தக் குரல். அவர் காதோடு காதாகப் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள்.

நான் பெரிய கம்பெனியொன்றில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இதையே சின்னக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்தால் நாமும் முதலாளிதானே என்று வேலையை விட்டேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கடைக்காரர்களைத் தெரியாது. மைக்செட்டுக்கு எல்லாக் கடைக்காரர்களையும் தெரியும். மழையில் முழங்கால் தண்ணீரில் மானிட்டரைத் தலையில் சுமந்துகொண்டு சந்துக்குள் போகவும் தெரியும். பார்ட்னர் ஆனோம். “ஜாடிக்கேத்த மூடி” என்றாள் என் மனைவி. மூடிதான் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

கீபோர்டில் எதைத் தட்டினாலும் மைக்செட் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவார். சின்ன வயதில் டைப்ரைட்டிங் வகுப்பில் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லித் தட்ட வைத்தார்களாம். வகுப்பு முடிந்துவிட்டது, இவர் முடிக்கவில்லை. பாஸ்வேர்டு அடித்தால் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் மைக்செட்டைச் சந்தித்ததில்லை.

முதல் அதிர்ச்சி செம்பூரில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரிடம். நோயாளிகளை அதட்டி மிரட்டியே பேர் வாங்கியவர். ரிசப்ஷன் கம்ப்யூட்டர் மக்கர் செய்ய, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மைக்செட்டிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே பெஞ்சு நிறைய நோயாளிகள்.

“கேப்பிட்டல் ஜே! ஏ! என்! ஜி! ஐ! ஆர்! ஐ!”

பெஞ்சில் ஒரு மாமா எழுத்துக் கூட்டிப் பார்த்தார். “ஜாங்கிரி! நமக்கு ஒரு ஸ்பூன் சக்கரை கூடாதுன்னுட்டு, இந்த மனுஷன் தினம் காலம்பற ஜாங்கிரிலதான் ஆரம்பிக்கறாரா?” பெஞ்சு மொத்தமும் சிரித்தது. டாக்டர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கே சர்க்கரை ஏறியிருக்கும். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது மாட்டுங்காவில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய கேட்டரிங் ஆபீஸ். கணக்குக் கம்ப்யூட்டர் அண்ணன் கையில். அவர் போனில் யாரும் கேட்காதபடி பாஸ்வேர்டு சொன்னார். தம்பி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“டி! ஹெச்! ஏ! எம்! பி! ஐ!” என்றார் மைக்செட்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தேளா, எங்க அண்ணா என் ஞாபகமாவே இருக்கான்” என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“டி! ஹெச்! ஐ! ஆர்! யு! டி! ஏ! என்!”

தம்பி திருடன். தம்பியின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. நல்லவேளை, அன்றைக்கு அண்ணன் தாதரில் இருந்தார். ஒரே மாதத்தில் அந்தக் கம்பெனி இரண்டு கம்பெனிகளானது, இரண்டும் எங்களைக் கூப்பிடவில்லை.

நானும் செய்யாத வைத்தியமில்லை. வாயில் இருமல் மிட்டாய் போடச் சொன்னேன். மிட்டாயோடு கத்தினார், சுற்றி இருந்தவர்களுக்கு மிட்டாய் வாசனையும் கிடைத்தது. வாயை இறுக மூடிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

“மூடுனா வெரலு நின்னு போவுதே தம்பி! நான் என்ன வேணுமின்னா செய்யுதேன்?”

மூடியும் காட்டினார். விரல்கள் நிஜமாகவே நின்றன.

கடைசியில் சொல்லிக்கொள்ளும்படியாக மிஞ்சியது தாராவியில் ஒரு தோல் பேக் பட்டறை. அதன் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கையெழுத்து அவருடையது, ஆனால் பெட்டிச் சாவி அவர் மனைவி இசக்கியம்மாளின் இடுப்பில். வருட ஒப்பந்தம் முடியும் சமயம். “ஒங்க ஆளு இன்னொரு மட்டம் எங்கடைக்குள்ள கூப்பாடு போட்டாருன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்” என்று அந்த அம்மா என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பட்டறையும் கைவிட்டுப் போனால் நான் பழைய ஏ.சி. அறைக்குப் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அதே நாளில் துபாய்க்குப் போகிற சரக்கு டெம்போவில் ஏறி நிற்கிறது. பில் எடுக்க வேண்டிய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. டிரைவர் வாசலில் ஹாரனை விட்டுக் கையை எடுக்காமல், “அரே பாய், ஜல்தி கரோ நா!” என்று இந்தியில் அவசரப்படுத்துகிறான். நாங்கள் ஓடினோம்.

“எம்பேராத்தான் இருக்கும்” என்றார் இசக்கியம்மாள், வெட்கமும் பெருமையுமாக. “அவுகளுக்கு வேற என்ன தெரியும்?”

மைக்செட் ஆரம்பித்தார். “இ! எஸ்! ஏ! கே! கே! ஐ!...” என்று கடைசி எழுத்துவரை போனார். தப்பு. முதல் எழுத்தை ‘ஐ’யாக மாற்றினார். தப்பு. ஒரு ‘கே’யைக் குறைத்தார். அதுவும் தப்பு. தையல் மிஷின்களெல்லாம் நின்று பட்டறையே வேடிக்கை பார்த்தது. தன் பெயர் ஏலம் போவதுபோல் அந்த அம்மாளுக்கு முகம் கறுத்தது. ஒப்பந்தம் என் கண்ணெதிரே டெம்போ ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மேல் தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்று கம்ப்யூட்டர் வேறு மிரட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். அண்ணாச்சியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற நேரம். மைக்செட் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்னவோ முனகினார்.

மைக்செட்டின் முகம் மாறியது. “சரி” என்றார். அவ்வளவு மெல்லிய குரல் அவருக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போனை வைத்துவிட்டு ஒருமுறை இசக்கியம்மாளைப் பார்த்தார். பிறகு கீபோர்டின் மேல் கவிழ்ந்துகொண்டார். இதோ கத்தப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால், மனிதர் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. மூட்டை தூக்கினவன் மாதிரி நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது. ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு. இப்படியே ஆறு தட்டு தட்டி என்டரையும் அழுத்தினார். திறந்துவிட்டது.

பில் வந்தது, டெம்போ போனது. மிஷின்கள் மறுபடியும் ஓடத் தொடங்கின.

“எம்பேருதான?” என்றார் இசக்கியம்மாள்.

“ஆமா மைனி. ஸ்பெல்லிங்கத்தான் கொதறி வச்சிருக்காக. அண்ணாச்சி இங்கிலீஷுதான் நமக்குத் தெரியும்லா!” என்று பழைய குரலில் சொல்லிவிட்டு, தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வெளியே போய்விட்டார். கேட்காத கேள்விக்கே பதில் சொல்கிற அந்த ஆள் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நானும் பையைத் தூக்கினேன். “தம்பி, நில்லுங்க” என்றார் அந்த அம்மா.

“எம்பேரு எம்புட்டு நீளமின்னு இப்பத்தான கூப்பாடு போட்டு ஊருக்கே சொன்னாரு. இப்பம் ஆறே தட்டுல தொறந்துட்டு. எனக்குப் படிப்புதான் இல்ல, காது இருக்கு.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“அது எவ பேருன்னு அந்த மனுசன் வீட்டுக்கு வரட்டும், நான் கேட்டுக்கிடுதேன். அது எங்க பாடு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்களையும்தான். “ஆனா இத்தன ஆளுக்கு முன்னால என்னய நாற விடல பாத்தீங்களா ஒங்க ஆளு? வர்ற வருசத்துக்கும் நீங்களே பாருங்க. யாரு வந்தாலும் சேக்க மாட்டேன், அவரத்தான் அனுப்பணும்.”

சந்து முனையில் மைக்செட் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் கிடைத்ததைச் சொன்னேன், அந்த அம்மா சொன்ன மற்றதை நான் சொல்லவில்லை. ஆனால் ஆவல் யாரை விட்டது?

“யார் பேருண்ணே அது?”

மைக்செட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாஹிம் வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்:

“கஸ்டமரு பாஸ்வேர்டு தம்பி! அதப் போயி வெளிய சொல்லலாமா?”

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்த மனிதரை அங்கேயே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நடுச்சந்தில் கூச்சமாக இருந்ததால், அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.