அவர் வீட்டில் இல்லை

மனித குலத்துக்கு நெருப்பு கிடைத்தது, சக்கரம் கிடைத்தது; எங்கள் ஊருக்கு வக்கீல் கிடைத்தார். நெருப்பையும் சக்கரத்தையும் தேடியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வக்கீலைத் தேடியவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தேடுகிறவர் கண்ணில் படாமல் இருப்பது லேசுப்பட்ட வித்தை அல்ல. கோர்ட் சம்மன் வந்தால், வீட்டிலேயே இருந்துகொண்டு "இல்லாமல்" போவது எப்படி என்று கட்சிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சம்மன் கைக்குச் சேராவிட்டால் வழக்கு நகராது. அவருடைய கட்சிக்காரர்கள் ஒருவரும் தோற்றதில்லை. ஒருவர் வழக்கும் தொடங்கியதே இல்லை.

பிறகு மக்கள் சேவைக்கு வந்து கவுன்சிலரானார். மனுவோடு வருகிறவர்களிடம் அவர் மனைவி கதவை ஒருக்களித்துத் திறந்து, "அவர் வீட்ல இல்லீங்க" என்பாள். உள்ளே கட்டிலில் ஜனநாயகம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு நாக்குக் கூசும்.

அடுத்த தேர்தலில் மக்களும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு அனுபவம் வீணாகலாமா? கோர்ட்டில் சம்மன் சேர்க்கும் பிரிவுக்கே அவரைத் தலைமை அதிகாரி ஆக்கினார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

முதல் வாரமே ஒரு சம்மன் வந்தது. வாதி, தையல்கடைக்காரி, வக்கீல் மனைவியின் சொந்தத் தங்கை. பிரதிவாதி, முன்னாள் கவுன்சிலரான வக்கீலேதான். அவர் பதவியில் இருந்தபோது சாக்கடைக்கென்று கடை வாசலில் பள்ளம் தோண்டி, அதற்குத் திறப்பு விழா நடத்தினார். அன்றிலிருந்து அது திறந்தே கிடக்கிறது.

தங்கை அக்காவிடம் வந்து அழுதாள்.

"அளவு கொடுக்க வந்தவங்க கால்ல கட்டுப் போட்டுக்கிட்டுப் போறாங்கக்கா. இந்த மாசத்தோட கடையை மூட வேண்டியதுதான். அத்தான் அந்தச் சம்மனை வாங்கிக்கிட்டாலே போதும்."

"வாங்குவார்" என்றாள் அக்கா, துளி நம்பிக்கையில்லாமல்.

வக்கீல் கடமை தவறாதவர். ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தலைமை அதிகாரியே சம்மன் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வெளியேறி, தெருவைச் சுற்றி வந்து, தம் வீட்டு அழைப்பு மணியைத் தாமே அடித்தார்.

"வீட்ல ஐயா இருக்காரா?"

"என்னங்க இது கூத்து?" என்றாள் மனைவி.

"அரசாங்க வேலைம்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீங்கதானே அந்த..."

"நான் அதிகாரி. வாசல்ல நிக்கறேன். உள்ள யார் இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஈ காக்கை இல்லை. சட்டம்தான் எவ்வளவு நுணுக்கமானது!

"யாரும் இல்லீங்க."

"ஆள் இல்லை" என்று பயபக்தியோடு எழுதிக்கொண்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் கையில் பசை டப்பாவோடு வந்தார்.

"மூணு தடவை ஆள் கிடைக்கலைன்னா, அவர் வழக்கமா இருக்கிற இடத்துல ஒட்டிடணும். நீயே கதவுல ஒட்டிடு, என் கை அழுக்காகும். மழை வந்தா தானா கரைஞ்சிடும்."

அவள் பசை தடவினாள். தங்கையின் அழுத முகம் நினைவுக்கு வந்தது.

"வழக்கமா இருக்கிற இடத்துலதானே ஒட்டணும்?"

"அதான் சட்டம்."

"அப்ப அக்கம்பக்கத்துல யாராவது பார்க்கறாங்களான்னு பாருங்க."

வக்கீல் தெருப்பக்கம் திரும்பினார். முதுகில் சப்பென்று ஓர் அடி விழுந்தது.

"கோட்டுல தூசி" என்றாள்.

அன்று கோர்ட்டில் அவர் நடந்த வழியெல்லாம் ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதை என்று எண்ணிப் பூரித்துப்போனார்.

"பிரதிவாதி கிடைச்சாரா?" என்றார் நீதிபதி.

"சல்லடை போட்டுத் தேடிட்டேன் ஐயா. ஆள் வீட்ல இல்ல. என் மனைவியே சாட்சி" என்று வணங்கிவிட்டுத் திரும்பினார்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த முதுகை முதல் வரியிலிருந்து முத்திரை வரை படித்தார்.

"சம்மன் சேர்ந்தாச்சு. வழக்கை இப்பவே ஆரம்பிக்கலாம்."

வக்கீல் முதுகைத் தடவிப் பார்த்துப் பதறினார். "ஆட்சேபிக்கிறேன்! வீட்ல இல்லாத ஆளுக்கு எப்படிச் சேரும்?"

பின்வரிசையில் தங்கையோடு உட்கார்ந்திருந்த மனைவியை நீதிபதி பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வீட்ல இல்லைன்னு நீங்க சொன்னது நிஜமா?"

அவள் எழுந்தாள். இந்த முறை நாக்குக் கூசவில்லை.

"நிஜந்தாங்க ஐயா. வீட்டுக்கும் இருந்ததில்ல, ஊருக்கும் இருந்ததில்ல. என்னைக்கும் அந்தக் கோட்டுக்குள்ளதான் இருந்தார். அதான் அங்க ஒட்டினேன்."