மல்லாட்டைக்குப் பணி நிரந்தரம்

நெய்வேலி, ஆர்ச் கேட்டுக்கு வெளியே,
செவ்வாய்க்கிழமை.

மகாகனம் பொருந்திய உழவர் சங்கத் தலைவரும் என் மனைவி கனகத்தின் அண்ணனுமாகிய மணிமாறன் மச்சான் அவர்களுக்கு, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்துபோன சிங்காரவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், கனகம், மகள் மலர்விழி, கடைக்காரர்கள் வேர்க்கடலை என்கிற, மொட்டை மாடியில் காய்கிற உங்கள் சங்கத்து மல்லாட்டை எல்லோரும் நலம். அங்கு குறிஞ்சிப்பாடியில் அக்காவும் பிள்ளைகளும் போர் மோட்டாரும் நலமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மலர்விழியை உங்கள் இளம் உழவர் பிரிவின் செயலாளர் பதவியிலிருந்து உடனே நீக்கிவிடவும். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குச் சென்னையில் வங்கி வேலைக்கு நேர்காணல். நிரந்தர வேலை மச்சான்! அதே வெள்ளிக்கிழமை கடலூரில், அவளும் உங்கள் இளம் உழவர்களும் பயிர் வைக்கிற நிலத்துக்குக் குத்தகைப் பேச்சுவார்த்தை. "வேல அடுத்த வருசமும் வரும்பா, இந்த நெலம் வராது" என்கிறாள். பதவி போனால்தான் பஸ் ஏறுவாள்.

இந்தப் பேச்சுவார்த்தை வந்ததே என்னால்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். அதையும் விளக்கிவிடுகிறேன். போன மாதம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் என்று காலையிலேயே கிளம்பிப் போனாளே, அவளைத் திருப்பி அழைத்து வரத்தான் நான் பின்னாலேயே போனேன். போனால் வாசலில் உங்கள் இளம் உழவர் பிள்ளைகள் மைக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரவின்குமார் என்ற பையன் போனைப் பார்த்துக் கோஷம் படிக்கிறான், வாத்தியார் வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி. எதிரே டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்குமா? "குடுப்பா இப்படி" என்று மைக்கை வாங்கினேன். வாங்கினதுதான் தெரியும். அடிவயிற்றிலிருந்து தானாக வந்துவிட்டது: "பணி நிரந்தரம் செய்! பணி நிரந்தரம் செய்!"

ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாயைத் திறக்காத குரல் மச்சான், அதற்கு வேறு எதுவும் தெரியாது. பிள்ளைகளும் என்ன ஏது என்று கேட்காமல் கூடவே கத்தினார்கள். முதலில் கேட்டது மலர்விழியின் குரல்தான். அதிகாரி வெளியே வந்து, "நீங்க விவசாயிங்கதானே? உங்கள யாரு நிரந்தரம் பண்ணணும்?" என்று கேட்டார். நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மலர்விழி அசரவில்லை. "நெலத்துக்காரருதான் சார். நாங்க எல்லாரும் வாய்ப்பேச்சுக் குத்தகை. தரிசாக் கெடந்தத கல்லு பொறுக்கி, எரு போட்டு மண்ணத் தேத்திக்கினு வருவோம், நாலு மூட்ட மல்லாட்ட வெளஞ்சதும் அடுத்த வருசம் எறங்குன்றாங்க. எழுத்துல எதுவும் இல்லாததால லோனும் இல்ல, இன்சூரன்சும் இல்ல. நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்க சார்" என்றாள். அதிகாரி டைரியைப் புரட்டி, நிலத்துக்காரரையும் கூப்பிட்டுப் பேசலாம் என்று தேதி கொடுத்தார். பாழாய்ப்போன தேதி, அந்த வெள்ளிக்கிழமை.

அன்று ராத்திரி எனக்குப் பழைய நினைப்பு. நானும் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவன்தானே. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேட் கூட்டம் போடுவோம். சங்கு ஊதியதும் உள்ளேயிருந்து வருகிறவர்கள் உடம்பெல்லாம் கரித்தூளோடு நிற்பார்கள், போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பார்கள், நான் சைக்கிள் கேரியர் மேல் ஏறிக் கத்துவேன். மலர்விழி முன்பாரில் உட்கார்ந்துகொண்டு மழலையில் "செய்! செய்!" என்பாள். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு இப்போதும் ஏங்குகிறேன் மச்சான். என் குரலுக்குப் பதில் குரல் கொடுப்பது கூட வேலை பார்த்த கலியன்தான். அவன் பின்னால் நின்றால் போதும், மைக்கே வேண்டாம். அப்பேர்ப்பட்ட கலியன், பேச்சுவார்த்தை நடக்கிற அன்றைக்கு மச்சினிச்சிக்கு நிச்சயதார்த்தம் என்று சிதம்பரம் பஸ் ஏறிவிட்டான். அப்புறம் எல்லோருக்கும் நிரந்தரம் கிடைத்தது, அவனுக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் இன்றுவரை மெயின் பஜாரில் எதிரே வந்தால் நான் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆகையால் தாய்மாமன் என்ற முறையிலும் தலைவர் என்ற முறையிலும் பெண்ணைப் பதவியிலிருந்து இறக்கி, என் வயிற்றில் பாலை வார்க்கவும். உங்கள் வயல் விளையவும், வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் வரவும், அக்காவின் முழங்கால் வலி தீரவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத
சிங்காரவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் கனகம் வாங்கிப் படித்தாள். வங்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. "ஏங்க, பேச்சுவார்த்த அன்னிக்கு வரலன்னுதானே கலியண்ணங்கூட இத்தினி வருசமா மூஞ்சத் திருப்பிக்கினு இருக்கிறீங்க? வெள்ளிக்கெழம நம்ம பொண்ணு மெட்ராசுக்குப் போயிட்டா, அவகூட எத்தினி வருசம் பேசமாட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. வெள்ளிக்கிழமை அவளை நானே கடலூருக்கு அழைத்து வருகிறேன். இளம் உழவர் பிரிவில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்கமாட்டீர்களாமே, என்ன அநியாயம்? அதைத் தளர்த்தி இரண்டு இடம் ஒதுக்கவும். கோஷம் போட எனக்கு ஒன்று. பின்னால் நின்று கத்தக் கலியனுக்கு ஒன்று. சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டேன், அவன் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.