நீங்கள் அனுப்பிய குட்டிக் கணினியின் உடல்நிலை குறித்து

ஷான்தோ,
பனி மூடிய ஒரு காலை

மதிப்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

யாச்சின் தலைவணங்கி எழுதுவது. ஷென்ஜெனில் தாங்கள் நலமாகவும் உலர்ந்தும் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உலர்ந்து மட்டும் இல்லை. தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்துவிட்டது. சுவர்களுக்கு வியர்க்கிறது. நேற்றுத் துவைத்த பள்ளிச் சீருடை நேற்றைவிட இன்று அதிகமாக நனைந்திருக்கிறது. வீடுகளைத் தாங்கும் தெருத் தூண்களெல்லாம் பனியில் கரைந்துபோய், மேல்மாடிகள் மட்டும் நங்கூரமில்லாத கப்பல்களைப்போல மிதக்கின்றன. பள்ளிக்குப் போகும்போது நானும் மிதக்கிறேனோ என்று காலைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

இதைக் கைப்பேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தேயிலைக் கடையில் உங்கள் பெயரைச் சொன்னால் அப்பா கெட்டிலை அடுப்பில் ‘ணங்’ என்று வைக்கிறார். அந்தப் புத்தாண்டு விருந்தில், எல்லோர் முன்னாலும் நீங்கள் அவருடைய ஃபீனிக்ஸ் மலைத் தேயிலைச் சாற்றை மூடி போட்ட காகிதக் கோப்பையில் ஊற்றி, துளை வழியாக உறிஞ்சியதை அவர் இன்னும் மறக்கவில்லை. “கோப்பைக்கு மூடி போடறவனுக்கு என் வீட்டுல இடமில்ல” என்று அவர் சொன்னதை நீங்களும் மறக்கவில்லை என்று தெரிகிறது. நான் இரண்டு வேண்டுதல்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, நீங்கள் அனுப்பிய கணினி மறுபடி ஓட வேண்டும். இன்னொன்று, நீங்களும் அப்பாவும் ஒரே தேநீர்த் தட்டின் முன் உட்கார வேண்டும். முதலாவது சுலபம் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்தபோது அப்பா அதைத் தேயிலை டப்பா என்றே நினைத்தார். அளவு அப்படித்தான் இருந்தது. முகர்ந்தும் பார்த்துவிட்டு, “இது எந்த மலைத் தேயிலை? பிளாஸ்டிக் வாடை அடிக்குதே” என்றார். கணினி என்றேன். “யாரு அனுப்பினது?” சித்தப்பா என்றேன். “எனக்கு அப்படியொரு தம்பி இருக்கானா?” என்று கேட்டார். பக்கத்தில் மீனுருண்டைக் கடை வைத்திருக்கும் ஃபாங் மாமா வாசலில் நின்றபடியே, “இருக்கான்யா, உன் மூக்கேதான் அவனுக்கும். அவன் மூக்கு கம்ப்யூட்டர் விக்குது, உன் மூக்கு கம்ப்யூட்டரை மோந்து பாக்குது” என்றார். அப்பா அவருக்கு அன்று தேநீர் ஊற்றவில்லை.

கடையின் பழைய தொலைக்காட்சியில் அதை மாட்டினேன். விழித்ததும் கேள்விமேல் கேள்வி கேட்டது: எந்த நாடு, எந்த மொழி, பெயர் என்ன? “வந்தவங்கதான் முதல்ல தன் பேரைச் சொல்லணும். மரியாதை தெரியாத பெட்டி” என்றார் அப்பா. பிறகு அது தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாகவும் அணைக்கக் கூடாது என்றும் எழுதிக் காட்டியது. கடை அடைக்கும் நேரம். அணைக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. அம்மா கஞ்சிப் பானையையும் உப்பு முள்ளங்கியையும் கடைக்கே எடுத்து வந்துவிட்டார். திரையில் சுற்றிய வட்டத்தைப் பார்த்தபடி சாப்பிட்டோம். வட்டம் பாதியில் நின்றது. “செத்துடுச்சா?” என்றார் ஃபாங் மாமா. “சும்மா இருங்க, யோசிக்குது” என்றார் அம்மா. சட்டென்று ஓர் ஏரி தோன்றியது. நீலத் தண்ணீர், அதில் தலைகீழாக ஒரு மலை, ஆளில்லாத ஒரு படகு. வெளியே தெரு முழுக்க வெள்ளைப் பனி, உள்ளே இந்த ஏரி. கொஞ்ச நேரம் எங்கள் கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. அப்பா மெல்ல எழுந்து புதிதாகத் தேயிலை போட்டு, அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

அதன் பிறகு அவர் அதைத் திட்டுவது குறைந்தது. ஈரத்துக்குப் பயந்து அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்தபோது தோண்டி எடுத்தது அப்பாதான். “மேல சூடா இருக்கு, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி, தன்னுடைய நல்ல தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து அதன் தலையில் வைத்தார். ஊரில் எல்லோர் தேயிலையும் பூஞ்சை பிடிக்க, அப்பாவுடையது மட்டும் மொறுமொறுவென்று இருந்தது. காரணம் கேட்டவர்களிடம், “அது தொழில் ரகசியம்” என்றார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. நான் நூலகப் பக்கத்தையும் அகராதியையும் திறந்து வைத்திருக்கும்போது அம்மாவின் நாடகத் தொடரும் ஓடினால், அழுதுகொண்டிருக்கும் கதாநாயகி பாதிக் கண்ணீரோடு உறைந்துபோவாள். உங்களுக்கு ரகசியமாக எழுதினேன். நீங்களும் பெரிய நினைவகப் பட்டையை அனுப்பி வைத்தீர்கள். நீங்கள் சொன்னபடியே ரப்பர் கால்களை உரித்து, திருகாணிகளைக் கழற்றி, சாய்வாகச் செருகி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பழைய பட்டையை உங்களுக்கே திருப்பி அனுப்பினேன். அப்பா தேநீர்த் தட்டைவிட்டு எழுந்து வராமலே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“இந்தச் சின்னப் பட்டைதானா எல்லாம்?”

“ஆமாம்பா.”

“இது இல்லேன்னா ஓடாதா?”

“ஓடவே ஓடாதுப்பா.”

“ம்” என்றார். அவர் கணினியில் காட்டிய ஆர்வம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

கதாநாயகி அதன்பின் ஒரே மூச்சில் அழுது முடித்தாள். நானும் இருபது பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைத்து, எதையும் படிக்காமல் அந்த ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தேன். அந்த இன்பத்துக்குத்தான் கண் பட்டுவிட்டது. சென்ற வாரம் ஒரு காலை பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி மழைபோல இரைகிறது, திரை மட்டும் கருப்பு. ஏரி இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. ஃபாங் மாமா இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். அம்மா ஊதுவத்தி ஏற்றினார். திறந்து பார்க்கலாமென்றால் திருப்புளியைக் காணவில்லை. எப்போதும் இருக்கும் இழுப்பறையிலிருந்து மாயமாகிவிட்டது.

“ஆளாளுக்குத் திறந்தா கெட்டுப்போகும். அனுப்பினவனே வந்து பாக்கட்டும்” என்றார் அப்பா.

“கூரியர்ல அனுப்பிடலாம்பா.”

“பனியில வண்டி ஓடாது.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கூரியர் வண்டி மணியடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது. “அது உள்ளூர் வண்டி” என்றார்.

நான் இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. ஆனாலும் காலையிலிருந்து மூன்று முறை பின்னால் வந்து நின்று கூரையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். முதல் முறை, “தபால்ல சரியாகிற வியாதியா இது?” இரண்டாம் முறை, “சில பேரு தொழில் தெரியும்பான், வான்னா வர மாட்டான்.” மூன்றாம் முறை, “வர்றவன் சிங்மிங்குக்கு முன்னாடி வர்றானா பின்னாடி வர்றானான்னு தெரிஞ்சா, புல் வெட்ட ஆள் சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்.” சிங்மிங் கல்லறைத் திருநாளில் தாத்தாவின் கல்லறையில் சிவப்பு எழுத்துக்கு வண்ணம் பூசுவது அவர், புல் வெட்டுவது நீங்கள் என்பதும், சென்ற ஆண்டு புல் என் இடுப்புவரை நின்றதும் எனக்குத் தெரியும். ஆனால் புல்லுக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. ஈரக்காற்று அப்பாவின் தலைக்கும் ஏறிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. அவருடைய பழக்கங்களும் அப்படித்தான் இருக்கின்றன. கடையில் அம்மாவும் அவரும் மட்டுமே குடித்தாலும் மூன்று கோப்பை ஊற்றுகிறார். மூன்றாவது எனக்கோ என்று கை நீட்டினால், “உனக்கில்ல” என்கிறார். ஆறிப்போன பிறகு அதைத் தேநீர்த் தட்டில் அழகுக்கு வைத்திருக்கும் மண் தவளையின் தலையில் ஊற்றிவிடுகிறார். நீங்கள் போனபோது மங்கலாக இருந்த தவளை இப்போது கண்ணாடிபோல மினுங்குகிறது.

ஆகவே சித்தப்பா, என் கோரிக்கை இதுதான். ஈரம் எதைக் கெடுத்திருக்கும் என்று தெரிவியுங்கள். பட்டைதான் கெட்டது என்றால் மலிவான இன்னொன்றைத் தபாலில் அனுப்பினால் போதும். வேலை மிகுந்த உங்களைச் சிரமப்படுத்த விருப்பமில்லை. தயவுசெய்து நேரில் வர வேண்டாம்.

உங்கள் கடை பெருகட்டும், உங்கள் மூட்டுவலி இந்த ஈரத்தில் தூங்கிப்போகட்டும், உங்கள் நெகிழித் தொட்டிச் செடி இன்னும் பூக்கட்டும். உங்களுக்குக் கொஞ்சம் ஃபீனிக்ஸ் தேயிலையை இந்த உறையில் வைத்து அனுப்புகிறேன்.

பணிவுடன்,
வெங் யாச்சின்

பின்குறிப்பு: தேயிலை வைக்கவில்லை. அதை எடுக்கக் கணினியின் மேலிருந்த டப்பாவைத் திறந்தேன். தேயிலைக்கு நடுவில், அப்பா விலையுயர்ந்த தேயிலையை மடிக்கும் வெள்ளைத் தாளில், அவருக்கே உரிய நான்கு மூலை மடிப்பில் ஒரு சிறு பொட்டலம். பிரித்தேன். பட்டை. நன்றாக, உலர்ந்து, மணமாக இருக்கிறது. டப்பாவின் அடியில் திருப்புளியும் இருக்கிறது.

மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். எதையும் அனுப்ப வேண்டாம். நான் அதே நான்கு மூலையில் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டேன். சிங்மிங்குக்கு முன்னால் வாருங்கள். நிறையக் கருவிகள் கொண்டுவாருங்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோய் மிகக் கடுமையானது, பல நாள் தங்கிப் பார்க்க வேண்டும் என்று அப்பா காதில் விழும்படி சொல்லுங்கள். தொண்டை காய்ந்தால் காய்ந்ததாகக் காட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் டப்பாவை நீங்கள் திறந்துவிடாதீர்கள். அதை அப்பாவே திறக்கட்டும். மூன்றாவது கோப்பை இனி உனக்கில்லை என்று தவளைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.