மாப்பிள்ளை எழுப்பிய சுவர்

புதுமாப்பிள்ளையிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள். அவன் சொல்லும் ஆறிப்போன ஜோக்குக்கு வீடே சிரிக்கும். அவன் பிரியாணியில் உப்பு குறைவு என்றால், உப்பு சரியாக இருந்தாலும் சமைத்தவர் மன்னிப்புக் கேட்பார். இந்த மரியாதையைத் தன் அறிவுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்கிறவன் முட்டாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதோடு நிற்காமல் கையில் ஸ்க்ரூ மெஷினையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அவனுக்கு அங்கே தனியறை கொடுப்பது பெண் வீட்டாரின் கௌரவம். ஊரில் இது சுலபம். என் மாமனார் குடும்பமோ ஷார்ஜாவில் ஒரு பழைய வாடகை வில்லாவில் இருந்தது. மேலே மூன்று அறைகள். ஒன்றில் மாமா மாமி, இன்னொன்றில் மூத்த மகள் குடும்பம், மூன்றாவதில் காலேஜ் படிக்கும் கடைசி மகள் ரஹ்மா. என் மனைவி நஃபீசாவும் அப்போதைக்கு அவளோடுதான். மிச்சம் இருந்தது பேஸ்மென்ட். இந்த ஊரில் வீட்டுக்குக் கீழே வீடு என்பது அபூர்வம். வீட்டுக்காரரான அரபி எதற்காகக் கட்டினாரோ, அதில் அப்போது ஊருக்கு அனுப்ப வேண்டிய அட்டைப்பெட்டிகளும் பூசாத பிளாக் சுவர்களும்தான் இருந்தன.

"ஆள் வச்சு முடிச்சுரலாம் மாப்புள. ஆனா நல்ல ஆளு கெடைக்கணும், கொஞ்சம் நாளாவும்," என்றார் மாமா.

நாளாவதுதான் பிரச்சினை. நிக்காஹ் முடிந்து திரும்பிய நான், கராமாவில் ஐந்து பேர் குறட்டை விடும் பேச்சலர் ரூமில் கட்டிலின் மேல்தட்டில் கிடந்தேன். பெண்டாட்டி ஷார்ஜாவில். ரூம் நண்பர்கள் தினமும் குசலம் விசாரித்தார்கள். "என்னா மாப்ள, பொண்டாட்டி வீட்டுல உன்ன எந்த ஷெல்ஃபுல வைக்கிறதுன்னு முடிவாயிருச்சா?" போதாததற்கு ஊரிலிருந்து என் உம்மாவும் வாப்பாவும் விசிட்டில் வருவதாக இருந்தது. போனில் உம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏம்புள்ளைக்கு மண்ணுக்கடியிலயா அறை குடுக்குறாங்க?" அறை உம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஆயுளுக்கும் ஒரு முள் கிடக்கும். மாமாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"நானே முடிக்கிறேன் மாமா," என்றேன்.

(தகுதி என்ன என்று கேட்காதீர்கள். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஆனால் வீடியோக்கள் நிறையப் பார்த்திருந்தேன். தவிர, ஒரே அறையைப் பலகையால் தடுத்துக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடும் பெட்ஸ்பேஸில் வாழ்ந்தவனைவிடத் தடுப்புச் சுவர்களைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்?)

ஜிப்சம் போர்டும் தகரச் சானல்களும் கொண்டுவந்த பிக்கப்காரப் பட்டான், வேலை செய்யும் மேஸ்திரியைச் சுற்றுமுற்றும் தேடிவிட்டு, "பாய், மிஸ்திரி கிதர்?" என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "அச்சா," என்றார். அந்த ஒரு சொல்லை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

வேலை ஆரம்பித்தது. லீவு நாட்களில் கராமாவிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்குவேன். பழைய சுவருக்கு ஒரு சாண் முன்னால் சானல்களை நட்டு, அதன் மேல் போர்டை வைத்து முடுக்குவது என் திட்டம். பின்னால் ஓடும் பைப், வயர் எல்லாம் மறைந்து, உள்ளே பார்த்தால் ஓட்டல் அறை மாதிரி இருக்கும். வலப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் துருப்பிடித்த சக்கரம் போல ஒன்று பைப்பில் துருத்திக்கொண்டிருந்தது. பழைய காலத்து மிச்சம், உபயோகம் இல்லாதது என்று ஒரே பார்வையில் முடிவு செய்தேன். கேட்டிருக்கலாம். தெரியாதவர்கள் கேட்பார்கள், எனக்குத்தான் தெரியுமே.

வீடே வந்து வேடிக்கை பார்த்தது. "மாஷா அல்லாஹ், என்னா நேர்த்தி," என்றார் மாமி. ரஹ்மா மட்டும் ஒருநாள், "மச்சான், அந்த வீல் இருக்குல்ல, அது ஆக்சுவலா..." என்று ஆரம்பித்தாள். மாமா தொண்டையைச் செருமினார். மாமி, "ரஹ்மா, அடுப்புல பாலு," என்றார். அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "கல்யாணமாயி மாசம் ரெண்டு ஆவல, அதுக்குள்ள மாப்புள செய்யிற வேலைல குத்தஞ் சொல்லுவியா?" என்று சமையலறையில் அவளுக்குக் கிடைத்த ஏச்சும் அப்படியே. நஃபீசாவுக்கும் அதே தடையுத்தரவு.

மாமா தன் பாணியில் முயன்றார். "இந்த மூலைய மட்டும் கொஞ்சம் காத்தாட விட்டா எப்படி மாப்புள?"

"சிமெட்ரி போயிரும் மாமா," என்றேன். சிமெட்ரி பற்றி நீண்ட விளக்கமும் கொடுத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே படியேறிப் போனார். போகும்போது அந்தச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார், விமான நிலையத்தில் மகனை விட்டுவிட்டு வருபவர் போல.

மாமி தட்டுகளால் தடுத்துப் பார்த்தார். முதல் போர்டுக்குச் சம்சா வந்தது. இரண்டாவதற்குக் கட்லெட். சக்கரத்தின் மேல் போர்டை வைக்கப்போன அன்று தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டிலப்பம் வந்தது, சட்டியோடு. தின்று முடித்து, கையைக் கழுவி, போர்டை வைத்து முடுக்கினேன். பட்டி பூசி, பெயின்ட் அடித்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பொன்மஞ்சள் வால்பேப்பரும் ஒட்டினேன். பத்து விரலிலும் பிளாஸ்டர், மனசெல்லாம் பெருமை.

உம்மாவும் வாப்பாவும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, மேலே விருந்து. களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும், சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் வந்தன. சாப்பிட்டுவிட்டு அறையைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. பாதிச் சாப்பாட்டில் ரஹ்மா வந்து, "பாத்ரூம் ஹீட்டர் பைப் பர்ஸ்ட் ஆயிருச்சு," என்றாள். குரலில் கவலையைவிட எதிர்பார்ப்பு அதிகம் இருந்தது.

நான் ஓடிப்போய்த் தண்ணீரை அடைக்க ஹீட்டர் பக்கத்துக் குழாயைத் திருகினால் அது கையோடு வந்துவிட்டது. தண்ணீர் ஹாலைத் தாண்டி படியில் இறங்கத் தொடங்கியது. நான் சோற்றுக் கையோடு, "மெயின் வால்வு எங்க மாமா?" என்று கத்தினேன்.

எல்லோரும் பேஸ்மென்டுக்கு இறங்கினார்கள். நானும் போனேன். குடும்பமே என் பொன்மஞ்சள் சுவரின் முன் வரிசையாக நின்றது, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு நிற்பது போல.

"மாப்புள," என்றார் மாமா. கையில் சுத்தியல். "செவுரு ரொம்ப அளகா வந்திருக்கு."

"சரி மாமா. வால்வு?"

"அளகான செவுரு. அதுக்குப் பின்னால ஒரு வால்வு இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு. அது எங்க போவும்."

தண்ணீர் படியின் கடைசிக் கட்டைத் தாண்டியது. அப்போதும் நான் அசரவில்லை. "ஒடைக்க வேணாம். அளவெடுத்து நீட்டா கட் பண்ணிரலாம்," என்று டேப்பைத் தேடினேன். மாமா சுத்தியலை ஓங்கினார், இறக்கினார். "மாப்புள கட்டுன செவுத்த நான் ஒடைக்கிறதா?" என்று மாமியைப் பார்த்தார். மாமி மேலே பார்த்தார். அங்கே படிக்கட்டில், அபாயாவைத் தூக்கிப் பிடித்தபடி என் உம்மா நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளுங்க," என்றாள் நஃபீசா. சுத்தியலை வாங்கி ஒரே போடு. என் சுவரில் தேங்காய் அளவுக்கு ஓட்டை. உள்ளே வால்வு இல்லை.

"இன்னும் கீழ லாத்தா," என்றாள் ரஹ்மா.

"வலது பக்கம்மா, வலது," என்றார் மாமா.

"வலதா? எடதுன்னு அப்பவே நான் மனசுக்குள்ள சொன்னேன்," என்றார் மாமி.

அடி விழ விழ வாய்கள் திறந்தன. அத்தனை வாரம் அடைத்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. போர்டு கோணல் என்றாள் ரஹ்மா. மாமாவுக்கு சிமெட்ரி என்றால் என்ன என்று இன்றுவரை விளங்கவில்லையாம். "அந்தக் காயிதத்துக் கலரு," என்றார் மாமி, "வயித்தால போற புள்ளையோட துணி மாதிரி இருக்கு மாப்புள, கோவிச்சுக்காதீங்க." நாலாவது ஓட்டையில் வால்வு கிடைத்தது. மாமா கையை விட்டுத் திருகினார். மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கீழே பேச்சுச் சத்தமும் நின்றது. என் உம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்த அறை கணுக்கால் தண்ணீரில், நாலு ஓட்டையோடு நின்றது.

உம்மா ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு மாமியிடம் கேட்டார். "இவன் இத அடைக்கிறப்போ நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"மாப்புளயாச்சேன்னு..." என்று இழுத்தார் மாமி.

"நல்லா கெடுத்தீங்க போங்க. ஊர்ல எங்க மிக்ஸிய ரிப்பேர் பாக்குறேன்னு கழட்டுனவன்தான் இவன். மூணு நாளு அம்மியில அரைச்சேன். எங்கிட்ட முன்னாடியே கேக்கக் கூடாதா?" உம்மா பக்கத்தில் இருந்த ஈரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். "அறை நல்லாத்தான் இருக்கு, குளுகுளுன்னு. இவன இனிமே மாப்புளயா பாக்காதீங்க. ஒங்க புள்ளையா நெனச்சு ஏசுங்க. நான் ஒண்ணும் நெனக்கமாட்டேன்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமல் சிரித்தார். தண்ணீரில் கால் நனைய இரண்டு பேரும் என் குறைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாப்பா மட்டும், மேலே கறி ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

சுவரை ஆள் வைத்து முடித்தார்கள். நான் பெயின்ட் டப்பாவைத் தொடக்கூட அனுமதியில்லை. அந்த அறையில்தான் இன்றும் இருக்கிறோம். வால்வுக்கு முன்னால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. என்னிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை. என் பாட்டு, என் டிரைவிங், என் தொப்பை எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் தீர்ப்பு வந்துவிடும்.

மாமா மட்டும் பழைய மரியாதையை முழுதாக விடவில்லை. போன வாரம் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவர் முன் போய் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வழக்கம்போல முதலில் அனுமதி கேட்டார்.

"செவுத்தோட சொல்லவா மாப்புள, செவுத்த ஒடைச்சுச் சொல்லவா?"

போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.