எதிர் பிளாக்கில் என் வீடு

இன்டீரியர் டிசைன் படிக்கும் பெண்ணை முதல் வருடம் முடியும்வரை சொந்த வீட்டில் எதையும் தொட விடக்கூடாது. பட்டவள் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். நான் என்ன படிக்கிறேன் என்பது காலனியில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எதிர் பிளாக் ஸ்டெல்லா ஆன்ட்டி மட்டும் அக்கறையாக விசாரித்தார்.

"இன்னாம்மா அது, கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு போடுவாங்களே, அதுவா?"

கால் மணி நேரம் விளக்கினேன். "அதாம்மா, பந்தல் வேல" என்று முடித்துவிட்டார்.

கல்லூரியில் நிலைமை இன்னும் மோசம். எல்லோரும் நகரத்துப் பெண்கள். 'எங்க டிராயிங் ரூம்', 'எங்க கெஸ்ட் ரூம்' என்று பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே ஹால். சாப்பாடு, தூக்கம், ஜெபம், சண்டை எல்லாம் அதில்தான். அதனால் நான் வாயே திறப்பதில்லை. வாய் திறக்காதவளிடம் யார் வந்து பேசுவார்கள்? மதியம் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பேன், தனியாக மூடுவேன். (அந்த வருடம் வெளியாட்களில் நான் அதிகம் பேசியது ரயில் டிக்கெட் பரிசோதகரிடம். அதுவும் 'சீசன் சார்' என்று மட்டும்.)

அப்போதுதான் அந்த அசைன்மென்ட் வந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஓர் அறையை மாற்றியமைக்க வேண்டும். மிஸ்ஸும் வகுப்பில் சிலரும் நேரில் வந்து பார்ப்பார்கள். மதிப்பெண்ணா பெரிது? என் வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள்! வந்து, அசந்துபோய், திங்கட்கிழமை மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வழியும் நானே சொன்னேன். "எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கும் மிஸ், நம்பர் எல்லாம் அழிஞ்சுபோச்சு. படிக்கட்டுக்குக் கீழே ஒரு பச்சை சைக்கிள் நிக்கும், ஹேண்டில்ல சிவப்புக் குஞ்சம் தொங்கும். அது எங்கப்பாவோடது. அந்தப் படியில ஏறி முதல் மாடி, இடது பக்கம்."

சனிக்கிழமை அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்கு முன்பே வேலையில் இறங்கினேன். 'வெற்றிடமே அழகு' என்று பாடத்தில் படித்திருந்தேன். கட்டில், பெஞ்சு, தையல் மிஷின் எல்லாவற்றையும் சமையலறைக்குள் திணித்தேன். பீரோவை இழுத்து வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு மர்மம் வேண்டுமாம். கடைசியாக, சுவரில் சிவப்பு பல்போடு இருந்த இயேசு படத்தைக் கழற்றினேன்.

அம்மா பார்த்தார். "ஆண்டவரையே தொரத்திட்டியா? நல்லா படிச்சடி!" என்று பையை எடுத்துக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. காற்று என்று நினைத்தேன்.

எலுமிச்சை ஜூஸ் கலக்கி வைத்துக் காத்திருந்தேன். மதியம் எதிர் பிளாக்கிலிருந்து பெண்கள் கலகலவென்று சிரிக்கும் சத்தம். யார் வீட்டுக்கோ விருந்தாளிகள், கொடுத்துவைத்தவர்கள். எனக்கு யாரும் வரவில்லை. அப்பாகூட வரவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருப்பார். அழுகை வந்துவிட்டது. காலி ஹாலில் மூக்கை உறிஞ்சினால்கூட எதிரொலிக்கும். (வெற்றிடத்தின் இந்தக் குணத்தைப் பாடத்தில் எழுதவில்லை.)

சாயங்காலம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தேன். இயேசுவையும் மாட்டி முடித்த நேரம் அப்பா உள்ளே வந்தார். நாலு பக்கமும் பார்த்தார்.

"அப்பாடா! இதாம்மா நம்ம ஊடு. காலைல எங்க வெச்சிருந்த?"

காலையில் கதவைத் திறந்த அப்பா, பீரோவின் முதுகைப் பார்த்ததும் பிளாக் மாறி ஏறிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். பீரோவிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போய், முதல் மாடியில் இடது பக்கம் நுழைந்திருக்கிறார். (பகலில் கதவைத் தாழ் போடும் வழக்கம் எங்கள் காலனியில் கிடையாது.) பீரோ சுவரோடு இருந்தது. சட்டை மாட்டும் ஆணி அதே இடத்தில் இருந்தது. சிவப்பு பல்போடு இயேசுவும் இருந்தார். சட்டையை மாட்டிவிட்டுக் கட்டிலில் விழுந்தார்.

அது ஸ்டெல்லா ஆன்ட்டி வீடு. அம்மா பையோடு போனதை ஆன்ட்டி ஜன்னலில் பார்த்திருந்தார். பாவம், வீட்டில் சண்டை, மனுஷன் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கீழே பச்சை சைக்கிள் நின்றது. மிஸ்ஸும் வகுப்புப் பெண்களும் நான் சொன்னபடியே ஏறினார்கள். "நிர்மலா வீடுங்களா?" என்று கேட்டதும் அப்பா அரைத் தூக்கத்தில் எழுந்து, "ஆமாம்மா, நான்தான் அவ நைனா, குந்துங்க" என்றிருக்கிறார். உள்ளேயிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி டீயோடு வந்தபோதுதான் அவருக்குத் தூக்கம் தெளிந்தது.

"அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாமேப்பா!"

"சொந்த ஊடு தெரியாம இங்க வந்து தூங்கிட்டேன்னு டீச்சரம்மாகிட்ட சொல்லச் சொல்றியா? உன் மானம் இன்னா ஆவறது? பொண்ணு கடைக்குப் போயிகீதுன்னுட்டேன்." (டீ கொண்டுவந்தவர் யார் என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இந்த ஒரு பகுதியை அம்மாவிடம் நாங்கள் இன்றுவரை சொன்னதில்லை.)

திங்கட்கிழமை மிஸ் வகுப்பில் எழுந்து நின்று பேசினார். "நிர்மலா அந்த ஹால்ல ஒண்ணையுமே மாத்தல. அதுக்கும் தைரியம் வேணும். அங்க உட்கார்ந்து நாங்க சிரிச்ச மாதிரி வேற எந்த வீட்லயும் சிரிக்கல." முதல் மதிப்பெண் எனக்கு.

மதியம் ப்ரியா என்ற பெண் தன் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்கம்மா போட்ட டீ சூப்பர்" என்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கட்லெட்டை எடுத்து என் மூடியில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

படிப்பு முடியும்வரை தோழிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுக்கு. "உன் கூட்டாளிங்க வராங்களா? ஊட்ட பெருக்கி வெக்கட்டா?" என்று ஆன்ட்டி முன்கூட்டியே கேட்டுவிடுவார். நானும் ஒரு விருந்தாளியைப் போல அங்கே போய் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருவேன். எங்கள் ஹாலை அவர்களில் ஒருத்திகூடப் பார்த்ததில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

இன்று ஊரார் வீடுகளை மாற்றியமைத்துப் பிழைக்கிறேன். பூந்தமல்லி பக்கம் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அப்பா வருவார். நான் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று, "மன்னிச்சுக்கம்மா, ஊடு மாறி வந்துட்டேன்" என்று திரும்பிப் போவார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். ஒரு வாரமும் தவறியதில்லை.

உள்ளே பீரோ சுவரோடு ஒட்டி நிற்கிறது. வாசலுக்குப் பக்கத்தில், குவார்ட்டர்ஸில் இருந்த அதே உயரத்தில், ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். என் வேலையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு, இது மட்டும் ஏன் இங்கே என்று கேட்பார்கள். அப்பா கேட்டதில்லை. வந்ததும் சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.