ஒன்பதாம் ஆள் வாசித்த ஃபியூக்

தேவாலயத்தின் ஆர்கன் மாடத்துக்குப் பாதிப் படி ஏறிய பிறகுதான் ஹென்னிங்குக்கு விஷயமே தெரிந்தது.

"ஆர்கன் வாசிக்கிற வேலையோட, பழைய ஆர்கன்காரர் பொண்ணையும் கட்டிக்கணும் தம்பி. எங்க ஊரு வழக்கம். உங்க பிரபு சொல்லலியா?" என்றார் நகரசபை உறுப்பினர் ரிக்கர்ஸ், மூச்சு வாங்கியபடி.

பிரபு சொல்லவில்லை. சிபாரிசுக் கடிதம் கொடுத்து, ஹெர்ரிங் மீன் ஏற்றப் போன வண்டியில் அனுப்பியதோடு சரி. வாசிக்காமல் திரும்பினால் பிரபுவுக்கு அவமானம், இருக்கிற வேலையும் போகும். வாசித்து ஜெயித்தாலோ முகம் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

"இதுவரைக்கும் எட்டுப் பேர் வாசிச்சுப் பாத்தாச்சு. எல்லாருக்கும் பாதியிலயே காத்து நின்னுபோச்சு. துருத்தி பழசு. உங்களுக்காவது ஆண்டவர் கண்ணத் திறக்கணும்."

ஹென்னிங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காற்று நின்றால் பழி துருத்திக்கு! ஆனாலும் ஒரு கிழட்டுத் துருத்தியை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்க முடியுமா? ரிக்கர்ஸ் இறங்கியதும், ஆர்கனுக்குப் பின்னாலிருந்த துருத்தி அறையின் கதவில் வாயை வைத்தான்.

"அண்ணே, வேலைக்காக ஒரு பொண்ணைக் கட்டுனா அது அந்தப் பொண்ணுக்குத்தான் கேவலம். நான் தோத்தே ஆகணும். நான் வாசிக்கிறப்போ பாதியில மிதிக்கிறதை நிறுத்திடுங்க, புண்ணியமாப் போகும்."

உள்ளே ஓர் இருமல் கேட்டது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

கீழே சபையார் ஆறே ஆறு சுரங்களைக் கொடுத்து ஃபியூக் கேட்டார்கள். ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்ற மூன்று குரல்களும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு துரத்த வேண்டும். இரண்டாம் குரல் வந்தது. மூன்றாம் குரலும் வந்தது. காற்று மட்டும் நிற்கவில்லை.

காற்றைத் தீர்த்துவிடலாம் என்று குழாய்கள் அத்தனையையும் திறந்துவிட்டான். ஜன்னல்கள் அதிர்ந்தன. காற்று முன்னைவிடக் கூடுதலாக வந்தது. கீழே ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆர்கனின் கால்கட்டையில் ஓர் அபசுரத்தை மிதித்தான். பதினைந்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? இடது கை அதே அபசுரத்தை வாங்கிக்கொண்டது. வலது கை அதைத் தலைகீழாகப் போட்டுக் காட்டியது. ஒரு குரல் தப்பினால்தான் தப்பு. நான்கும் வரிசையாகத் தப்பினால் அதற்குப் பெயர் ஃபியூக்.

முடித்ததும் ரிக்கர்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அந்த அபசுரம்! எவனுக்கு வரும்யா அந்தத் துணிச்சல்? வேலை உங்களுக்குத்தான் மாப்பிள்ளை!"

ஹென்னிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. துருத்திக்காரரை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கதவை இழுத்துத் திறந்தான். உள்ளே முப்பது வயதுப் பெண் ஒருத்தி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி நின்றாள்.

"இவதான் பொண்ணு, வீப்கே. துருத்தி மிதிக்க வேற யாரையும் விடமாட்டா" என்று சொல்லிவிட்டு, சேதி சொல்லக் கீழே ஓடினார் ரிக்கர்ஸ்.

"நிறுத்தச் சொல்லி அவ்வளவு கெஞ்சினேனே..." என்றான் ஹென்னிங், ஈனசுரத்தில்.

"முன்னாடி வந்த எட்டுப் பேரும் நிறுத்தச் சொல்லிக் கேக்கலைங்க," என்றாள் வீப்கே. "அதான் நிறுத்தினேன்."