துரு சார் மைக் பிடித்த கல்யாணம்

காரைக்குடிச் சமையல் மாஸ்டர்கள் எந்தச் சம்பந்திக்கும் பயந்ததில்லை. துரு சார் ஒருத்தருக்குத்தான் நடுங்கினார்கள்.

ரிட்டயரான கெமிஸ்ட்ரி வாத்தியார். கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், நேரே அடுப்பங்கரைக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை மோந்து பார்ப்பார். "ஏப்பா, இது நேத்து முறுக்குச் சுட்ட எண்ணெய்தானே? நீங்க கீழ ஊத்துறீகளா, நான் ஊத்தவா?"

பிறகு பந்தியில் வகுப்பு ஆரம்பமாகும். "கொழுப்பு தன்பாட்டுக்கு ரத்தத்துல போகும்யா. திரும்பத் திரும்பக் காய்ச்சுன எண்ணெயில ஃப்ரீ ரேடிக்கல்னு ஒரு போக்கிரி வருவான். எலெக்ட்ரான்ல ஒண்ணு குறைச்சல், அதனால கண்டதையும் சீண்டுவான். அவன் கெடுத்த கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவத்துல புகுந்து அடைச்சுக்கிரும். இரும்புல துரு ஏறுற மாதிரிதான்! அவனை அடக்க வைட்டமின் மாத்திரை போடுங்க." எண்ணெயில் பொரித்த சீயத்தைக் கையில் எடுத்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

என் அண்ணன் முழிக்கவில்லை, அப்படியே நம்பிவிட்டார். ஏற்கெனவே இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த ஆள். தன் மகள் கல்யாணத்தன்று, தாலி ஏறிய கையோடு சாரிடம் பெருமையடித்தார்.

"டாக்டர் மாத்திரையெல்லாம் நிறுத்திப்புட்டேன் சார். நீங்க சொன்னீகளே, அந்த வைட்டமின் மட்டுந்தான். காலையில இருந்து நெஞ்சு லேசா அடைக்குது, அலைச்சல் போல."

"காரை எடுங்கடா!" என்று சார் போட்ட சத்தத்தில் நாயனமே நின்றுபோனது. பட்டுவேட்டியோடு அண்ணனை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நல்லவேளை, சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

ஆபத்தில்லை என்று தெரிந்ததும் சார் மண்டபத்துக்குத் திரும்பினார். கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மொய் வாசித்தவரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"ரேடிக்கல் பத்தி நான் சொன்னது சரி. வைட்டமின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும்னு சொன்னது தப்பு. ஆராய்ச்சியில கொடுத்துப் பாத்துட்டாக, பலனில்லை. அதைப் படிச்சும் கௌரவம் பாத்து வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். காய்கறி, பழம் தின்னுங்க. டாக்டர் மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்திராதீக."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் தப்பை மைக் போட்டுச் சொன்ன வாத்தியார் வேறு எந்த ஊரில் இருக்கிறார், சொல்லுங்கள்!

அண்ணன் வீடு திரும்பியதும் சார் வந்தார். அண்ணனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "என்னால ஊர் முன்னாடி உங்க மானம் போச்சே சார்."

"போனாப் போகுது போய்யா," என்று சார் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருக்கேல்ல."